ஏழு மீற்றர் காப்பெற்றில் சைக்கிளுக்கு எவ்வளவு இடம்?

யாழ்ப்பாணத்தில் ஓடும் சாதாரண சைக்கிள் ஒன்றின் ஹாண்டிலை முனைக்கு முனை அளந்தால் ஏறக்குறைய 60 சென்றிமீற்றர் வரும். ஓடுவதற்கு அந்த அகலம் மட்டும் போதாது. நூல் பிடித்தாற்போல யாரும் சைக்கிள் ஓடுவதில்லை. மிதிக்கிற ஒவ்வொரு தரமும் வண்டி இடமும் வலமுமாக ஆடும். சோளகம் எதிரே அடித்தால், கரியரில் அரை மூட்டை அரிசி இருந்தால், பாரில் பிள்ளை இருந்தால் ஆட்டம் கூடும். அதற்கு வலப்பக்கம் 20 சென்றிமீற்றர் ஒதுக்குவோம். சில்லு, தார் விளிம்பிலிருந்து 60 சென்றிமீற்றராவது உள்ளே ஓட வேண்டும். அதற்கு வெளியே மணலும் கல்லும் உடைந்த விளிம்பும்தான்.

இனிக் கூட்டிப் பாருங்கள். விளிம்பிலிருந்து சில்லு வரை 60, சில்லிலிருந்து ஹாண்டிலின் வலது முனை வரை 30, ஆட்டத்துக்கு 20. ஆக 1.1 மீற்றர். முந்திப் போகும் வாகனம் குறைந்தது 1 மீற்றர் விலகிப் போக வேண்டும், 2.1 ஆகிறது. பஸ்ஸின் அகலம் 2.5 மீற்றர். மொத்தம் 4.6. இரு திசைக்கும் சேர்த்து 7 மீற்றர் அகலத்துக்குக் காப்பெற் (யந்திரத்தால் விரித்த தார்) போட்ட வீதியில் ஒரு திசைக்குக் கிடைப்பது 3.5 மீற்றர். பஸ்ஸுக்கு 1.1 மீற்றர் பற்றாது. 1.8 மீற்றர் அகலமான காருக்கும் 40 சென்றிமீற்றர் பற்றாது. மோட்டார் சைக்கிள் மட்டுமே தன் பக்கத்துக்குள்ளேயே நின்று சைக்கிளை ஒழுங்காகக் கடக்க முடியும்.

ஆகவே 7 மீற்றர் வீதியில் சைக்கிளைக் கடப்பது என்பது நடுக்கோட்டைத் தாண்டி முந்துவதேயாகும். எதிரே வாகனம் வந்தால் பின்னால் வேகத்தைக் குறைத்துக் காத்திருக்க வேண்டும். நடைமுறையில் பலர் காத்திருப்பதில்லை. ஹோர்ன் அடித்துவிட்டு, பற்றாத அந்த 1.1 மீற்றரைச் சைக்கிள்காரரிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். ஹாண்டிலை உரசுகிற தூரத்தில் பஸ் போகும்போது முதலில் காற்று வெளியே தள்ளும். பஸ்ஸின் பின்பகுதி தாண்டும்போது உள்ளே இழுக்கும். பழக்கமில்லாத பிள்ளை முதல் தள்ளலுக்கு எதிராக ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பும். அடுத்த கணம் இழுப்பும் அதே பக்கம் வரும்.

ஜேர்மனியில் 2020 முதல் நகருக்குள் 1.5 மீற்றர், வெளியே 2 மீற்றர் விலகித்தான் சைக்கிளை முந்தலாம் என்று சட்டம் எண்ணிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவுஸ்திரேலிய மாநிலங்களில் 60 கி.மீ. வேகம் வரை 1 மீற்றர், அதற்கு மேல் 1.5 மீற்றர். மேலே நாம் போட்ட 1 மீற்றர் இந்த எண்களில் மிகக் குறைந்தது. அதுவே 7 மீற்றர் வீதிக்குள் அடங்கவில்லை.

வீதி அகலவில்லை, வேகம் ஏறியது

1990களில் எரிபொருள் தடை இருந்த காலத்தில் குடாநாடே சைக்கிளில்தான் ஓடியது. நோயாளி, விறகு, மரக்கறி, மணப்பெண்ணின் சீதனப் பெட்டி என எல்லாம் கரியரில் போயின. அன்றைய வீதிகள் குண்டும் குழியுமானவை. விளக்கில்லை, கோடில்லை, ஆனால் வேகமும் இல்லை. 2002இல் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்தது; 2009இற்குப் பிறகு வீதிகள் வரிசையாகக் காப்பெற் ஆகின; லீசிங்கில் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. குழிகள் செய்துவந்த வேகக் கட்டுப்பாட்டு வேலையை எடுத்துச் செய்ய யாரும் வரவில்லை. 2022 எரிபொருள் நெருக்கடியில் சைக்கிள் மறுபடி வீதிக்கு வந்தபோது, அது வந்தது பழைய வீதிக்கல்ல.

இலங்கையில் குடியிருப்புப் பகுதிக்குள் வேக எல்லை மணிக்கு 50 கி.மீ., வெளியே 70, முச்சக்கரவண்டிக்கு 40. இந்த 50 எவ்வளவு பெரிய எண் என்பதை நிறுத்தும் தூரத்தில் பார்க்கலாம். ஆபத்தைக் கண்டு பிறேக்கில் கால் வைக்க 1.5 செக்கன் எடுக்கும் ஒரு சாரதி, காய்ந்த தாரில், நல்ல பிறேக்குடன் 30 கி.மீ. வேகத்தில் வந்தால் ஏறக்குறைய 17 அல்லது 18 மீற்றரில் நிற்பார். 50இல் 35 மீற்றர். 60இல் 45. மோதினால் உடலில் இறங்கும் சக்தியோ வேகத்தின் வர்க்கத்தில் கூடும்: 60 என்பது 30இன் இரண்டு மடங்கு, அடி நான்கு மடங்கு.

இன்னொரு கணக்கும் உண்டு. சைக்கிள் 15 கி.மீ. வேகத்தில் போகிறது, பின்னால் வான் 60இல் வருகிறது. இடைவெளி ஒவ்வொரு செக்கனும் 12.5 மீற்றர் குறைகிறது. 50 மீற்றரில் சைக்கிளைக் கண்ட சாரதிக்குக் கிடைப்பது 4 செக்கன். அதற்குள் எதிரே பார்த்து, கண்ணாடி பார்த்து, முந்துவதா குறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். வானின் வேகம் 30 என்றால் அதே 50 மீற்றர் அவருக்கு 12 செக்கன் கொடுக்கிறது. சைக்கிளும் மோட்டார் வாகனமும் கலந்து ஓடும் இடத்தில் 30 கி.மீ. என்று 2020இன் ஸ்ரொக்ஹோம் வீதிப் பாதுகாப்புப் பிரகடனம் சொன்னதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு இதுதான். வீதி விபத்தில் ஆண்டுக்கு 2,000இற்கும் மேற்பட்டோரை இழக்கும் நாட்டில் இதை வெளிநாட்டு ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

விளிம்பு என்கிற பொறி

"ஓரமாப் போ" என்பது நம்மவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் முதல் அறிவுரை. ஆனால் ஓரம்தான் வீதியின் மோசமான பகுதி.

பழைய தாரின் மேல் புதுக் காப்பெற் விரிக்கும் ஒவ்வொரு தரமும் வீதி 4, 5 சென்றிமீற்றர் உயர்கிறது. பக்கத்து மண் உயர்வதில்லை. மாரியில் அந்த மண்ணும் அரித்துப் போனால் தார் விளிம்பு 8, 10 சென்றிமீற்றர் உயரமான படியாக நிற்கும். பஸ்ஸுக்கு ஒதுங்கிச் சைக்கிள் மண்ணில் இறங்குகிறது. இறங்குவது சுலபம். திரும்பி ஏறும்போது ஓடுபவர் வேகத்தை விட மனமில்லாமல் சரிவாக, விளிம்புக்கு ஏறக்குறைய சமாந்தரமாக ஏறப் பார்ப்பார். முன் ரயரின் பக்கச்சுவர் அந்தப் படியில் உரசும். சில்லு ஏறாது, ஆனால் உடல் ஏற்கெனவே வலப்பக்கம் சாய்ந்திருக்கும். விழுவது மண் பக்கமல்ல, வாகனம் வரும் பக்கம். இதற்குக் கையிலுள்ள மருந்து: இறங்கிவிட்டால் மண்ணிலேயே வேகத்தைக் கொன்று, பின்னால் பார்த்து, முன்சில்லை முடிந்தளவு குறுக்காகத் திருப்பி ஏறுவது, அல்லது இறங்கித் தூக்கி வைப்பது. வீதி போடுபவர்களிடம் உள்ள மருந்து இன்னும் மலிவு. காப்பெற் விரிக்கும்போதே விளிம்பை நட்டுக்குத்தாக வெட்டாமல் 30 பாகைச் சரிவாக அழுத்திவிட்டால் சில்லு உரசாமல் ஏறிவிடும். விரிக்கும் யந்திரத்தில் ஒரு தகடு பூட்டினால் போதும். வேலை முடிந்த பிறகு பக்க மண்ணைத் தார் மட்டத்துக்கு நிரப்பி இறுக்குவதும் ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டிய வேலை.

விளிம்பில் இன்னும் பல இருக்கின்றன. வீதி அகலித்தும் நகராமல் நிற்கும் மின்கம்பம், மதகின் கட்டு, வெள்ளம் மூடியபின் எது வாய்க்கால் எது வீதி என்று தெரியாத கார்த்திகை மாதத்து ஓரம். வடிகால் மூடியின் கம்பிகள் வீதியின் நீளவாக்கில் இருந்தால் ஒன்றரை அங்குல ரயர் இடையில் இறங்கிவிடும். குறுக்குவாக்கில் போட்டால் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒரே மூடி, ஒரே விலை, திருப்பிப் போடுவதில்தான் வித்தியாசம்.

தண்டவாளமும் இதே கதைதான். 2014இல் யாழ்ப்பாணம் வரை ரயில் திரும்பி வந்தபின் கடவைகளும் திரும்பி வந்தன. தண்டவாளத்தின் உட்பக்க இடைவெளி ரயில் சில்லுக்காக விடப்பட்டது. சைக்கிள் ரயருக்கும் அது தாராளமாகக் காணும். வீதி தண்டவாளத்தைச் சரிவாக வெட்டும் இடத்தில் சைக்கிளை நேர்க்கோட்டில் விடாமல், முதலில் இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகி, தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும். 60 பாகைக்குக் கீழே போனால், அதுவும் மழையில் இரும்பு நனைந்திருந்தால், முன்சில்லு வழுக்கும். ஆனால் விலகுவதற்கு இடம் வேண்டுமே. கடவையில் மட்டும் இரு பக்கமும் ஒரு மீற்றர் அகலித்துக் கொடுத்தால் அந்த விலகல் பின்னால் வருபவரின் முன்னே பாய்வதாக இராது.

வெள்ளைக் கோடு ஏன் போதாது

சைக்கிள் பாதை என்றதும் முதலில் வருவது பெயின்ற். ஒரு கோடு, ஒரு சைக்கிள் படம், ஒரு திறப்பு விழா. மெல்போர்னில் சைக்கிள்களில் அளவுக் கருவி பூட்டி, வாகனங்கள் எவ்வளவு தள்ளிக் கடக்கின்றன என்று மொனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து 2019இல் வெளியிட்டார்கள். பெயின்ற் கோடு மட்டும் உள்ள வீதிகளில், கோடில்லாத வீதிகளைவிட வாகனங்கள் சராசரியாக 27 சென்றிமீற்றர் நெருக்கமாகக் கடந்தன. பக்கத்தில் தரித்த வாகனங்களும் இருந்தால் 40 சென்றிமீற்றர் நெருக்கம். காரணம் விளங்கக் கூடியதே. கோடு இல்லாதபோது சாரதி சைக்கிளைப் பார்த்து விலகுகிறார். கோடு இருந்தால் கோட்டைப் பார்த்து ஓடுகிறார். "என் இடத்துக்குள்தானே நான்" என்கிற நிம்மதி.

நம் ஊரில் கோட்டுக்கு இன்னொரு விதியும் காத்திருக்கிறது. கடை வாசலில் அது வாகனத் தரிப்பிடம் ஆகிவிடும். தரித்த வாகனத்தை ஒட்டி ஓடுவதில் உள்ள ஆபத்துக் கதவு. நம் வாகனங்களில் சாரதி வலப்பக்கம் இருப்பதால், இடது ஓரத்தில் நிறுத்தியபின் திறக்கும் கதவு நேரே சைக்கிளின் வழியில் திறக்கும், ஏறக்குறைய ஒரு மீற்றர். கதவின் விளிம்பு ஹாண்டிலின் இடது முனையில் பட்டால் ஹாண்டில் இடப்பக்கம் மடங்கும், உடல் வலப்பக்கம் வீதிக்குள் எறியப்படும். சாரதிகள் செய்யக் கூடியது ஒன்றுண்டு: கதவை இடது கையால் திறப்பது. இடது கை வலது கதவுக்குப் போனால் தோள் தானாகத் திரும்பும், கண்ணும் பின்னால் போகும். நெதர்லாந்தில் சாரதிகளுக்குப் பழக்கும் முறை இது. அங்கே சாரதி இடப்பக்கம் இருப்பதால் வலது கையால் திறப்பார்கள்.

கல் வைத்துப் பிரிப்பதென்றால்

கோட்டுக்குப் பதிலாகக் கட்டுக் கல் வைத்துப் பிரிக்கும் பாதைக்கு அளவுகள் உண்டு. அவற்றைச் சுருக்கினால் யாரும் ஓடாத பாதைதான் கிடைக்கும். பிறகு "கட்டிக் கொடுத்தும் பாவிக்கிறார்கள் இல்லை" என்ற பேச்சு வரும்.

ஒரு திசைப் பாதை 2 மீற்றர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோடியாகக் கதைத்துக்கொண்டுதான் போவார்கள், தனிப்பாதையில் அதைத் தடுக்கத் தேவையில்லை. பின்னால் வருபவர் பெல் அடித்துக் கடக்கவும் வேண்டும். மரமோ கம்பமோ குறுக்கிடும் இடத்தில் சில மீற்றருக்கு 1.5 ஆகக் குறையலாம், அதற்குக் கீழே கூடாது. வீதிக்கும் பாதைக்கும் இடையே அரை மீற்றர் தடுப்பு. பக்கத்தில் வாகனம் தரிக்குமிடத்தில் கதவுக்காக அது 80 சென்றிமீற்றர். தடுப்புக் கல்லின் வீதிப் பக்கம் 12 சென்றிமீற்றர் உயரமும் நேர்ச்சுவருமாக இருக்கட்டும், வான் ஏறாது. ஆனால் சைக்கிள் பக்கம் சரிவாக இருக்க வேண்டும். சைக்கிளின் பெடல் கீழே வரும்போது நிலத்திலிருந்து 11 சென்றிமீற்றர் அளவில்தான் நிற்கும். நேர்ச்சுவர்க் கல் இரு பக்கமும் இருந்தால் பெடல் அடிபடும் என்ற பயத்தில் எல்லோரும் நடுவில்தான் ஓடுவார்கள். 2 மீற்றர் பாதை 1.2 ஆகிவிடும்.

கல்லைத் தொடர்ச்சியாகக் கட்டினால் மாரி மழையில் பாதை வாய்க்காலாகும். யாழ்ப்பாணம் தட்டை நிலம், தண்ணீர் தானாக ஓடாது. சில மீற்றருக்கு ஒரு தடவை கல்லில் ஒரு கை அகல இடைவெளி விட்டால் தண்ணீர் போகும், வாகனம் போகாது. மேற்பரப்பு யந்திரத்தால் விரித்த காப்பெற்றாக இருக்க வேண்டும். மூடிய வாய்க்காலின் கொங்கிறீற் பலகைகளின் மேலேயே சைக்கிளை விட்டுவிடலாம் என்பது அடிக்கடி எழும் யோசனை, மோசமான யோசனை. ஒவ்வொரு மூட்டும் தட்டும், பலகை ஆடும், ஒன்று உடைந்தால் பாதை முடிந்தது. நடப்பவர்களுக்கு அது பரவாயில்லை.

வீட்டுக் கேற்றுகள் வரும் இடத்தில் நம் நடைபாதைகள் கீழே இறங்கி ஏறி இறங்கி ஏறி அலைபோல ஓடுகின்றன. சைக்கிள் பாதை அப்படி ஓடக் கூடாது. பாதை ஒரே மட்டத்தில் போக, கார்தான் சிறு சரிவில் ஏறிக் கடக்க வேண்டும். மட்டம் மாறாமல் போவது யாருக்கு முன்னுரிமை என்பதைப் பலகையை விடத் தெளிவாகச் சொல்லும். பஸ் தரிப்பிடத்தில் பாதை தரிப்பிடத்துக்குப் பின்னால் வளைந்து போக வேண்டும். பயணிகள் நிற்க 2 மீற்றருக்குக் குறையாத மேடை இடையில் இருந்தால், மினிபஸ் இடப்பக்கம் வெட்டி வந்து நிற்பதும் சைக்கிள் ஓடுவதும் ஒன்றோடொன்று முட்டாது.

இப்போது மதிலுக்கும் மதிலுக்கும் இடையே நாடாவைப் பிடியுங்கள். இரு பக்கமும் 2 மீற்றர் பாதை, அரை மீற்றர் தடுப்பு: 5. இரு பக்கமும் 2 மீற்றர் நடைபாதை, அடியில் வாய்க்கால்: 4. வாகனத்துக்குத் திசைக்கு 3 வீதம் 6. மொத்தம் 15 மீற்றர். அந்த அகலம் நம் வீதிகளில் எத்தனைக்கு, எத்தனை தூரத்துக்கு இருக்கும்? ஏ9 நகருக்குள் நுழையும் கண்டி வீதியின் சில துண்டுகள், பலாலி வீதியில் சில, பண்ணைக் கடலோரம் என்று தேடிப் பார்க்கலாம். காங்கேசன்துறை வீதியில் கடைகளும் மதில்களும் நெருங்கி நிற்கும் வண்ணார்பண்ணைப் பக்கம் இதைப் பேசிப் பயனில்லை. அங்கே இரண்டில் ஒன்று: காணி எடுப்பு, அல்லது வேகக் குறைப்பு. காணி எடுப்பு நம் ஆயுளில் முடியாத வழக்கு. ஆகவே 30 கி.மீ., அதுவும் பலகையால் மட்டுமல்ல, 75 முதல் 100 மீற்றருக்கு ஒன்றாக வீதிக்குக் குறுக்கே உயர்த்திய வேகத்தடை மேடையால்.

சந்தி

நேர் வீதியில் எவ்வளவு அழகாகப் பிரித்தாலும் சந்தியில் எல்லோரும் சேர்ந்துதான் ஆக வேண்டும். பாதை கட்டிய பல நகரங்கள் காசை நேர் வீதியில் கொட்டிவிட்டுச் சந்திக்கு 20 மீற்றர் முன்னால் பாதையை முடித்துவிடுகின்றன. தேவை தொடங்கும் இடத்தில் உதவி முடிகிறது.

சந்தியில் இரண்டு விபத்து வகைகளைப் புரிந்துகொண்டால் போதும். முதலாவது, நேரே போகும் சைக்கிளை முந்தி வந்த வாகனம் இடப்பக்கம் திரும்புவது. கார் என்றால் பக்கத்தில் மோதும். பஸ், டிப்பர் என்றால் இன்னும் கெட்டது: முன்சில்லு போகும் வட்டத்தைவிடப் பின்சில்லு ஒரு மீற்றருக்கும் மேல் உள்ளே வெட்டித் திரும்பும். முன்பகுதி தாண்டியபோது இடமிருந்தது, பின்பகுதி வரும்போது இல்லை. சிக்னலில் நிற்கும் டிப்பரின் இடப்பக்கத்தால் ஊர்ந்து முன்னே போகும் பழக்கத்தை விட வேண்டியது இதனால்தான். கண்ணாடியில் சாரதியின் முகம் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை.

இரண்டாவது, சைக்கிள் வலப்பக்கம் திரும்புவது. இடது ஓரத்திலிருந்து நடுவுக்குப் போக வேண்டும், பின்னால் வருகிற எல்லாவற்றையும் வெட்டி. கை காட்டுவதும் திரும்பிப் பார்ப்பதும் ஒரே நேரத்தில் செய்யும்போது சைக்கிள் வலப்பக்கமே சாயும். டென்மார்க்கில் இப்படித் திரும்புவதே கூடாது. சந்தியை நேரே கடந்து, மறு மூலையில் நின்று, வண்டியைத் திருப்பி, அந்த வீதியின் போக்கோடு கடக்க வேண்டும். நமக்கும் இது பொருந்தும். ஆரியகுளம் சந்தி போன்ற நெருக்கமான இடத்தில் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஒரே முறை அது. கூடுதலாக எடுப்பது அரை நிமிடம்.

கட்டுமானத்தில் இதற்கு விடை மூலைத் தீவு. சந்தியின் ஒவ்வொரு மூலையிலும் கல்லால் ஒரு சிறு தீவு கட்டி, சைக்கிள் கடக்கும் இடத்தை வாகனங்கள் திரும்பும் கோட்டிலிருந்து ஒரு காரின் நீளம், 4 அல்லது 5 மீற்றர், உள்ளே தள்ளி வைப்பது. திரும்புகிற கார் தீவைச் சுற்ற வேகத்தை 15 அளவுக்குக் குறைத்தே ஆக வேண்டும். சைக்கிளைச் சந்திக்கும்போது அது முழுமையாகத் திரும்பி முடிந்திருக்கும். பக்கக் கண்ணாடியில் தேட வேண்டியதைச் சாரதி முன்கண்ணாடியால் நேரே பார்க்கிறார். பஸ்ஸும் டிப்பரும் திரும்ப இடம் போதாது என்று உடனே எதிர்ப்பு வரும், நியாயமானதே. தீவின் வெளிவிளிம்பை 5 சென்றிமீற்றர் உயரத்தில், கரடு முரடான கல் பதித்து விட்டால் பெரிய சில்லு ஏறித் திரும்பும். கார் சாரதி ஏற விரும்ப மாட்டார்.

இடம் இல்லாத பழைய சந்திகளில் சந்தி முழுவதையும் நடைபாதை மட்டத்துக்கு ஒரு மேடையாக உயர்த்துவது அடுத்தது. சிக்னல் உள்ள இடத்தில் சைக்கிளுக்கு 4 அல்லது 5 செக்கன் முன்னரே பச்சை கொடுப்பதும் உதவும். ஆனால் சிக்னல் கோட்டுக்கு முன்னால் சைக்கிளுக்கென்று பெட்டி வரையும் முறை இங்கே உதவாது. வரைந்த அன்றே அது மோட்டார் சைக்கிள்களின் பெட்டி ஆகிவிடும்.

மோட்டார் சைக்கிள்தான் உண்மையான சிக்கல். ஐரோப்பியக் கைநூல்களில் இதற்கு நம் வீதிக்குப் பொருந்தும் விடை கிடைப்பது அரிது, ஏனென்றால் அங்கே வீதியில் மோட்டார் சைக்கிள் இவ்வளவு இல்லை. பிரித்த பாதையில் நெரிசல் நேரத்தில் முதலில் நுழைவது அதுதான். கம்பத்தை நெருக்கமாக நட்டு மறிக்கலாம் என்பார்கள். மோட்டார் சைக்கிளின் ஹாண்டில் 70 முதல் 80 சென்றிமீற்றர், சைக்கிளினது 60. இரண்டுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு வித்தியாசத்தில் கம்பம் நட்டால் பாற்கான் கட்டியவர், மூன்று சில்லு வண்டிக்காரர், கூடை பூட்டிய பிள்ளை எல்லோரும் முட்டுவார்கள். கம்பங்களுக்கிடையே 1.5 மீற்றர் விட வேண்டும். அது வானை மறிக்கும், மோட்டார் சைக்கிளை மறிக்காது. அதை மறிக்கப் பொலிஸ்தான் வேண்டும், அதுவும் முதல் மாதங்களில் தொடர்ந்து. மலேசியா 1970களிலேயே வேறு பக்கம் யோசித்து, பெருந்தெரு ஒன்றில் மோட்டார் சைக்கிளுக்கே தனிப்பாதை போட்டது. நமக்கு அந்த இடமும் இல்லை.

ஒழுங்கைகள்

நம்மிடம் இருப்பது வேறொன்று. காங்கேசன்துறை வீதிக்கும் பலாலி வீதிக்கும் இடையே, கொக்குவில், திருநெல்வேலி, கோண்டாவில் முழுவதும் ஒழுங்கைகள் பின்னிக் கிடக்கின்றன. பல நகரங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து உண்டாக்கப் பார்க்கும் சைக்கிள் வலைப்பின்னல் இங்கே வேலிக்கும் மதிலுக்கும் நடுவே ஏற்கெனவே கிடக்கிறது. இராமநாதன் வீதிப் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவர் பெரிய வீதியைத் தொடாமல் பாதித் தூரம் போகலாம். மீதிப் பாதியில்தான் குறை: ஒழுங்கை பெரிய வீதியில் முட்டும் இடம், ரயில் கடவை, இருட்டு, குறுக்கு வழி தேடி நுழையும் ஹையேஸ் வான்.

ஒழுங்கையின் நடுவில் 1.5 மீற்றர் இடைவெளியில் இரண்டு கம்பம் நட்டால் குறுக்கு வழி ஓட்டம் நின்றுவிடும். இரு முனையிலிருந்தும் வீட்டுக்காரர் தம் வீட்டுக்குப் போக முடியும். அம்புலன்ஸுக்காக ஒன்றைப் பூட்டுத் திறந்து கழற்றக் கூடியதாக வைக்க வேண்டும். வாய்ப் பகுதியில் மதில் பெரும் தொல்லை. காரின் முன்பம்பரிலிருந்து சாரதியின் கண் 2 மீற்றர் பின்னால் இருக்கிறது. மூலை வரை ஆறடி மதில் எழுந்து நின்றால், அவர் பார்ப்பதற்கு முன்பே கார் 2 மீற்றர் வெளியே வந்துவிட்டது. அந்த 2 மீற்றரில்தான் சைக்கிள் ஓடுகிறது. மூலையிலிருந்து இரு பக்கமும் 2 மீற்றர் தூரத்துக்கு மதிலை ஒரு மீற்றர் உயரத்தில் நிறுத்தி மேலே கிறில் வைத்தால் காணி ஒரு அங்குலமும் போகாது. புது மதிலுக்கு அனுமதி கொடுக்கும்போதே உள்ளூராட்சி சபை இதை நிபந்தனையாகப் போடலாம். வீதிக்கு நடுவே காத்து நின்று கடக்கத் தீவு கட்டுவதென்றால் அது 2 மீற்றருக்குக் குறையக் கூடாது. சைக்கிளின் நீளம் 1.8, ஒரு மீற்றர் தீவில் பின்சில்லு பஸ்ஸின் வழியில் நிற்கும்.

இதில் யார் கையெழுத்து என்பதுதான் இழுபறி. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒழுங்கைகள் மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ. ஒரு ஒழுங்கை ஏ தர வீதியைக் கடக்கும் பத்து மீற்றரில் இரண்டு அலுவலகமும் பொலிஸும் இருக்கின்றன. புகையிரதக் கடவை வந்தால் இன்னொன்று.

ஓடுபவர் கையில் உள்ளவை சில. இரும்பு றிம்மில் பிடிக்கும் கட்டைப் பிறேக் மழையில் பாதிக்கு மேல் பலமிழக்கும். சந்திக்கு முன்பே மெதுவாக அழுத்தி றிம்மைத் துடைத்துக்கொண்டால்தான் தேவையான இடத்தில் பிடிக்கும். டைனமோ நின்றால் விளக்கும் நிற்கும், ஆகவே பின்னால் பற்றரி விளக்கோ நல்ல சிவப்பு றிப்ளெக்ரரோ கட்டாயம். பெடலில் பூட்டும் மஞ்சள் றிப்ளெக்ரர் ஏறி இறங்கும் அசைவால் தொலைவிலேயே சைக்கிள் என்று காட்டிக் கொடுக்கும். ஹெல்மெற் நல்லது, ஆனால் ஐரோப்பியத் தரத்தில் அது சோதிக்கப்படுவது மணிக்கு 20 கி.மீ. அளவான மோதலுக்கே. 60இல் வரும் வானுக்கு அது மறுமொழி அல்ல.

எங்கே தொடங்குவது என்றால், நல்லூர்த் திருவிழாவில் ஆண்டுதோறும் 25 நாள் கோயிலைச் சுற்றி வீதிகளை மறித்து, வாகனங்களை வேறு வழியால் விட்டு, நகரம் சமாளித்துக்கொள்கிறது. அதே தார்ப் பீப்பாய்களும் கயிறும் போதும். ஒரு பள்ளிக்கூட வாசலில் காலை ஆறரையிலிருந்து எட்டு, மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை, ஒரு மாதம் சைக்கிளுக்குப் பாதை பிரித்துப் பார்க்கலாம். மூலைத் தீவையும் மணல் மூட்டையால் வைத்து, பஸ் திரும்புகிறதா என்று பார்த்து, திரும்பவில்லை என்றால் அடுத்த நாள் நகர்த்தலாம். கொங்கிறீற்றை நகர்த்த முடியாது.

வேகத்தை அளக்க ராடர் துப்பாக்கி தேவையில்லை. வீதி ஓரத்தில் 25 மீற்றர் இடைவெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு கீறி, கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். முதற் கோட்டிலிருந்து இரண்டாவதற்கு 3 செக்கன் எடுத்தால் வேகம் 30 கி.மீ.; 1.8 செக்கன் என்றால் 50, 1.5 என்றால் 60. பீப்பாய் வைப்பதற்கு முன் 100 வாகனம், வைத்த பின் 100 வாகனம். குறைந்த வேகத்திலிருந்து கூடிய வேகத்துக்கு வரிசைப்படுத்தி 85ஆவதாக நிற்கும் எண்ணை எடுங்கள். பொறியியலாளர்கள் பேசும் எண் அதுதான். அலுவலகங்களுக்கு எழுதும் கடிதத்தில் முறைப்பாட்டுக்குப் பதிலாக அதை எழுதுங்கள்.